கதவு பூட்டியிருந்தது

ஐயா,
தட்டச்சுக்காரர் அடிச்சுக் குடுத்த மனு
உங்க மேசையில இருக்கு.
இது நான் சொல்லுதது.

சிங்கம்பாறையில புது வீடு.
வாசக்கால் நட்டாச்சு, சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சாச்சு.
கதவு மட்டும்
உள்சுவரில சாஞ்சு நின்னுது.
கீல் ஆறு, தாழ்ப்பாள் ரெண்டு, பூட்டு ஒண்ணு,
போன்ல போட்டா கடையை விட முந்நூறு ரூவா கொறவுன்னு
மகன் செல்வின் அமுக்கிக் காட்டினான்.
பணம் அன்னைக்கே போயிட்டு,
பீடித்தட்டில எட்டு நாள்.

அஞ்சாம் நாள் மத்தியானம்
வாசக்காலுக்கு நேரே உக்காந்து
இலை வெட்டிக்கிட்டு இருக்கேன்.
போன் கிணுங்குச்சு.

'கதவு பூட்டியிருந்தது.
வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.'

நிமிந்து பாத்தேன்.
கதவு இருக்கவேண்டிய இடத்தில ரோடு இருந்துச்சு.
ரோட்டில ஒரு வெள்ளாடு.
அதுவும் என்னைத்தான் பாத்துச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
ஒண்ணை அமுக்கு, நாலை அமுக்கு,
அப்புறம் ஒரு பிள்ளை:
வருந்துகிறோம் மேடம்.
மறுநாள் வேற பிள்ளை,
அதே வருத்தம், அச்சு மாறாம.
வருத்தத்துக்கு ஒரு நம்பர் குடுத்தாக, பதினோரு இலக்கம்.
பீடிக்கட்டு எண்ணுத கை,
தப்பாம எழுதி வச்சிருக்கேன்.

அடுத்த வாரம், முகவரி தெரியலையாம்.
அதுக்கடுத்து,
வாடிக்கையாளர் வாங்க மறுத்துட்டாராம்.
மறுக்கதுக்காவது
ஒரு தடவை கொண்டு வரவேண்டாமா ஐயா?

வாசலுக்கு உரச்சாக்குப் படுதா.
நாய் வந்து சோத்துப்பானையை உருட்டிட்டுப் போச்சு.
பிறகு செல்வின் குறுக்கே கட்டிலைப் போட்டான்.
பத்தொம்பது வயசுப் பய,
அம்பத்திரண்டு ராத்திரி
தாழ்ப்பாளாக் கிடந்தான்.

கடையில வாங்கியிருக்கலாமேன்னு
கம்பெனி வக்கீல் கேக்காரு.
பணம் அவுககிட்டேல்லா கிடக்கு.
இன்னொரு எட்டு நாள் யாரு சுத்துவா?

ஒரு சனிக்கிழமை
மாசானமுத்து வந்தான், பார்சல் கொண்டுவாற பையன்.
கையில ஒண்ணும் இல்ல.
கேஸ் போடாதியக்கா, என் ஐடி போயிரும்னான்.
தொண்ணூறு பார்சல், ஒத்த வண்டி.
அன்னைக்குப் பாப்பாக்குடி விலக்கில டயர் போச்சாம்.
போன்ல அவனுக்கு அஞ்சே அஞ்சு காரணம்தான் குடுத்திருக்காகளாம்,
டயர் போச்சுன்னு ஒண்ணு இல்லையாம்.
கதவைத்தான் அமுக்க முடிஞ்சுதாம்.

மோர் குடுத்தேன். குடிச்சான்.
கேசை விடல.

மனுவில பாருங்க, அவன் பேரு இருக்காது.
சேக்கணும்னு தட்டச்சுக்காரர் சொன்னாரு.
பேனா வாங்கி நான்தான் அடிச்சேன்.
அஞ்சு காரணம் எழுதினவுக யாரோ
அவுக பேரு தெரிஞ்சா
அந்த இடத்தில எழுதிக்கிடுங்க.

இன்னைக்குப் பதினொண்ணே முக்காலுக்கு
நீங்க என்னையக் கூப்பிட்டிய.
எந்திரிச்சு நின்னேன்.
கைப்பையில போன் அதிருது.
இந்தா, நீங்களே படிங்க:

'பார்சல் ஒப்படைக்கப்பட்டது.
பெற்றுக்கொண்டவர்: வாடிக்கையாளர், நேரில்.'

கையெழுத்து வேற போட்டிருக்கு.
ஒரு கோடு, மண்புழு நெளிஞ்ச மாதிரி.
நான் முழுப்பேரும் எழுதுதவ ஐயா.
சூசைக்கனி.
உங்க பதிவேட்டில காலையில போட்டது இருக்கு,
ஒப்பிட்டுப் பாத்துக்கிடுங்க.

பொருள்தான் சேந்துட்டே,
இனி வழக்கு எதுக்குங்காரு வக்கீல்.
இருந்த அன்னைக்கு என்னை இல்லைன்னாக.
இங்க நிக்க நேரத்தில
அங்க நிக்கேங்காக.
இதையும் மனுவோட சேத்துக்கிடணும்.
நகல் எடுக்க எதித்த கடையில ரெண்டு ரூவா,
மத்தியானம் கொண்டாந்து தாறேன்.

அடுத்த வாய்தா என்னைக்குன்னு சொல்லிட்டியன்னா
மூணு மணி முக்கூடல் பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.
குத்தாலிங்க ஆசாரிக்குச் சொல்லி விடணும்.
அதுக்கு முந்தி
பெட்டியைப் பிரிச்சு எண்ணணும்,
ஆறு கீலும் இருக்கான்னு.